காரணம், நாலு பிரதிகளில்

“காத்துன்னு அடிக்காதேயும் வே! காத்துக்கு யாரு மெமோ குடுக்கது?”

“பின்னே என்னன்னு சார் அடிக்கறது?”

பஞ்சாபகேசனின் விரல்கள் டைப்ரைட்டருக்கு மேலே அந்தரத்தில் நின்றன. காலை ஒன்பது மணிக்கு, பம்பாய் விமானப் பயிற்சிக் கழகத்தின் குட்டி விமானம் ஒன்று எழும்பிய வேகத்தில் தடுமாறி, மைதானத்தின் கடைக்கோடி ஆலமரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது மணி மூன்று. ஐந்து மணித் தபாலில் விபத்து அறிக்கை, காரணத்தோடு, டில்லிக்குப் போயாக வேண்டும். போனால், ஆறு மாதமாகத் தற்காலிகமாக இருக்கும் பஞ்சுவின் வேலை நிரந்தரம் என்று, இப்போது எதிரே நின்று அதட்டும் காரியதரிசி நம்பிராஜன் வாக்களித்திருந்தார். போகாவிட்டால், நாளை முதல் மாதுங்காவில் ரயிலேறும் சிரமம் பஞ்சுவுக்கு இருக்காது.

அடித்தல் திருத்தல் இல்லாமல் நாலு பிரதி. காரணம் மாறினால் பக்கம் முழுவதும் புதிதாக அடிக்க வேண்டும்.

“பைலட்டோட கவனக்குறைவுன்னு போட்டுடலாமோன்னோ?”

“அவரு யாரு தெரியுமா? நம்ம தலைவருக்கு மாப்பிள்ளையா வரப்போறவரு.”

பஞ்சு தாளை உருவிக் கசக்கினான். ‘இன்ஜின் கோளாறு’ என்று அடித்து முடிப்பதற்குள் தலைமை மெக்கானிக் ஜெயினுலாப்தீன் ஸ்பானரோடு உள்ளே வந்துவிட்டார்.

“இன்ஜினா? பெத்த புள்ளையைக்கூட நான் அப்படித் தொடச்சதில்லே! யூனியன்ல சொல்லிடுவேன். பெட்ரோல்ல தண்ணின்னு போடுங்க.”

போட்டான். நம்பிராஜனின் முகம் கறுத்தது. பெட்ரோல் சப்ளை செய்வது அவருடைய மைத்துனர்.

“ஒமக்கு வேலை வேணுமா, வேண்டாமா?”

“அரே, என்ன கட்பட் சார் இது, ஒரே குழப்பம்!” என்றான் பஞ்சு. “பைலட்டையே ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?”

நம்பிராஜன் பதறிப்போனார். “விசாரணை முடியுத வரைக்கும் சாட்சிகிட்ட யாரும் பேசப்படாது. ரூல் தெரியாதா?”

நாலரை மணிக்கு ஜெயினுலாப்தீன் மெல்லக் கேட்டார்: “காக்கான்னு போட்டா?”

மூவரும் யோசித்தார்கள். காக்கைக்கு மாமனார் இல்லை. யூனியன் இல்லை. அது டெண்டரும் எடுப்பதில்லை.

“எத்தனை காக்கா சார்?”

“ஒண்ணு போதும். ரெண்டுன்னா சதி ஆயிரும்.”

பஞ்சு அடித்தான். ‘விமானியின் தற்போதைய நிலை’ என்ற கட்டத்தில், ‘நலம், வீடு திரும்பினார்’ என்று தன் கற்பனையிலிருந்தே சேர்த்தான். அறிக்கை மங்களமாக முடிய வேண்டுமே! கையெழுத்துகள் விழுந்தன. உறை ஒட்டப்பட்டது.

“நாளைலேருந்து நீரு பெர்மனென்ட் வே!” நம்பிராஜன் கைகுலுக்கினார்.

பஞ்சு உறையை மார்போடு அணைத்துக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பினான். வாசலில், தாராவியிலிருந்து வேலைக்கு வரும் வாட்ச்மேன் பூலோகம் தலையைச் சொறிந்தபடி நின்றிருந்தான்.

“என்ன பூலோகம்?”

“பைலட் ஐயா இன்னும் மரத்து மேலதான் சார் இருக்காவ. காலைலேருந்து கத்துதாவ. சீட்டு இல்லாம ஏணி தரமாட்டோம்னு ஸ்டோர்ல சொல்லுதாங்க. ஒண்ணு டைப் அடிச்சுக் குடுங்களேன்?”