மாப்பிள்ளை அடுப்படி புகுந்த படலம்

வாழ்க ஆபித்! அலை ஓயாத காரைக்கால் கரையில் பிறந்து, சார்ஜாவின் வெயிலை ஆறாண்டு காலம் ஒற்றை மின்னடுப்போடு எதிர்த்து நின்று, எட்டுப் பேர் தங்கிய அறையில் ஒரே சட்டியில் சமைத்து, ஒருவர் வயிற்றையும் கெடுக்காமல் ஊர் திரும்பிய கரண்டிக் கையன் வாழ்க! பூண்டு உரிப்பதில் புயலையும் வெங்காயத்தின்முன் கண்ணீர் பெருக்குவதில் கார்மேகத்தையும் ஒத்தவன். லுங்கியை மடித்துக் கட்டினால் போர், இறக்கிவிட்டால் சமாதானம் என்று தலத்தெரு முழுதும் அறியப்பட்டவன். அவன் புகழைச் சொல்லத் தொடங்குமுன் உன்னை அழைக்கிறோம், எரிவாயு உருளையே, சிவந்த இரும்பு மேனியாளே! நீ தீர்ந்துபோகும் நாழிகையை எவரும் அறியார். இந்தக் கதை முடியும் மட்டுமாவது தீராதிரு.

போருக்குக் காரணம் மண்ணுமன்று, பொன்னுமன்று, ஓர் அடுப்படி.

மணமான பெண் தாய்வீட்டிலேயே இருக்க, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அயல்நாடு போதும் என்று பெட்டி கட்டி வந்த ஆபித், ஊரில் ஏ.சி. பழுதுபார்க்கும் தொழில் தொடங்கி, பள்ளி ஆசிரியையான மனைவி பஹீமாவின் வீட்டில் குடியேறி மூன்று திங்கள் ஆகியிருந்தன. அங்கே அவனுக்குக் குறை என்று ஒன்றில்லை, குறையே அதுதான். மாமியார் அஜீசுன்னிசாவின் ஆட்சியில் மாப்பிள்ளையின் தட்டு காலியாகி எவரும் கண்டதில்லை. தண்ணீர் குடிக்க அவன் எழுந்தால், "கேட்டா கொண்டாந்து தர மாட்டோமா, மாப்பிள்ளை?" என்ற குரல் அம்பெனப் பாய்ந்து அவனைச் சோபாவில் வீழ்த்தும். உண்ட தட்டை எடுக்க நீளும் அவன் கையை முந்திக்கொண்டு இன்னொரு கை அதைக் கவர்ந்து செல்லும். இவ்வாறாக, தன் வீட்டிலேயே விமான நிலையத்துக் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்தவன்போல் அவன் அமர்ந்திருந்தான். யாரேனும் வந்து, "உங்க ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு" என்று எழுப்பிவிடுவார்களோ என்றுகூடச் சில பிற்பகல்களில் அஞ்சினான்.

அடுப்படி வாசலில் பச்சைத் துணியில் மஞ்சள் பூப்போட்ட திரையொன்று தொங்கியது. எந்தக் கோட்டை மதிலுக்கும் அத்தனை வலிமை இருந்ததில்லை. அதைக் கடந்து உள்ளே சென்ற ஆண்மகன் அந்த வீட்டின் வரலாற்றில் ஒரே ஒருவன்: அடுப்பு பர்னரைச் சுத்தம் செய்ய வந்த ஆள். அவனும் கால்மணி நேரத்தில் தேநீர் கொடுத்து வெளியேற்றப்பட்டான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த மாமனார் கமாலுதீனுக்கும் அடுப்படியைப் பற்றிக் கேள்வி ஞானம் மட்டுமே உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமைப் பகலில், தொழுகை முடிந்து, நெய்ச்சோறும் முடிந்து, மின்விசிறியின் ஒலியன்றி வேறொலி இல்லாத வேளையில், ஆபித் எழுந்தான். திரையை நோக்கி நின்றான். இடியென முழங்கினான்:

"கேளுங்கள், மாமி! புளியின் துணையின்றி, தேங்காயின் தயவின்றி, தேனும் மிளகாயும் கலந்து ஒளிரும் பாகில் வஞ்சிரத்தைப் புரட்டியெடுத்துப் பத்தே நிமிடத்தில் உங்கள் மகள்முன் வைப்பேன்! தவறினால் இந்தத் திரையை இனிக் கண்ணெடுத்தும் பாரேன்!"

அவன் வாயிலிருந்து வந்த சொற்கள் என்னவோ, "மாமி, நாளைக்கு மதியம் மீன் நான் செய்யட்டா? தேனு, மொளகாயெல்லாம் போட்டு... பத்து நிமிஷந்தான். புளியே வேணாம்" என்பவைதாம். ஆயினும் வஞ்சினம் வஞ்சினமே.

திரை அசைந்தது. அதன் பின்னிருந்து முதலில் வந்தது வியப்பு.

"புளி இல்லாம மீனா?"

பின்னர் வந்தது போர்முறை.

"சரி மாப்பிள்ளை. நாளைக்கு ஒரு மணிக்கு பஹீமா பள்ளிக்கூடம் விட்டு வருவா. ஒரு துண்ட மிச்சம் வைக்காம அவ தின்னுட்டா, நீங்க எப்ப வேணா அடுப்படிக்கு வாங்க, போங்க. மிச்சம் வச்சான்னா ஃபேனுக்கு அடியில குந்தி கேக்குறத கேளுங்க, கொண்டாந்து தர்றோம். நீங்க முடிக்கிற வரைக்கும் நான் திரைய தாண்டி உள்ள வர மாட்டேன்."

நாளிதழுக்குப் பின்னால் மறைந்திருந்த கமாலுதீன் ஒரு பக்கத்தைச் சற்றே இறக்கினார்.

"வேணாம் மாப்பிள்ளை. முப்பத்தஞ்சு வருஷமா நான் உள்ள போனதில்ல. என்ன கொறஞ்சிட்டேன்?"

வீரர் செவியில் அறிவுரை ஏறுமோ? மறுநாள் காலை, பழங்கால மறவர் பகைவர் ஆநிரையைக் கவரப் புறப்பட்டதுபோல், ஆபித் மீன் அங்காடிக்குப் புறப்பட்டான். வெள்ளிக் கவசம் பூண்டு பனிக்கட்டிப் படுக்கையில் துயின்ற வஞ்சிரத்தை, வேறொரு வாடிக்கையாளர் விரல் நீட்டுமுன் இவன் விரல் நீட்டி வென்றான். பட்டினச்சேரியிலிருந்து கூடை கொண்டுவரும் மீன்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி, நீங்க வந்திருக்கீங்க? மாமிக்கு ஒடம்பு முடியலியா?"

"நல்லாத்தான் இருக்காங்க. இன்னைக்கு நான் சமைக்கிறேன்."

"அப்படியா? அப்ப மெல்லிசாவே துண்டு போட்டுத் தர்றேன். எப்படியும் வெந்துடும்."

இந்தச் சொல்லம்பை நெஞ்சில் தாங்கியபடி, மளிகைக் கடையில் மிளகாய், பூண்டு, சிறு பாட்டில் சோயா சாஸ் ஆகிய படைக்கலங்களைச் சேர்த்துக்கொண்டான். தேன் மட்டும் வாங்கவில்லை. போன ஆண்டு கார்கோ பெட்டியில் அவனே அனுப்பிய தேன் பாட்டில் வீட்டில் இருக்க, இன்னொன்று எதற்கு? விதி சிரிக்கும் ஒலி கேட்டிருக்கும். பக்கத்து மீன் அங்காடியில் ஐஸ் உடைக்கும் ஒலியில் அது அமுங்கிப்போயிற்று.

பன்னிரண்டு நாற்பது. லுங்கி மடிந்தது. உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசி ஊறிய நான்கு துண்டுகளை நான்கு கேடயங்கள்போல் தட்டில் ஏந்தி, தொலைதூரப் பனித்தேசத்தில் ஓராண்டு முற்றுகைக்குப் பின் கோட்டைவாயில் திறக்கக் கண்ட தளபதியின் நடுக்கத்தோடு, அவன் திரையை விலக்கினான். உள்ளே சென்றான். சொன்ன சொல் தவறாத அஜீசுன்னிசா திரைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அமர்ந்தார்.

சட்டி காய்ந்தது, எண்ணெய் பொங்கியது, முதல் துண்டு இறங்கியபோது எழுந்த சீற்றத்தில் எண்ணெய்த் துளிகள் கணைகளாய்ப் பறந்து நாயகனின் முன்கையில் தைத்தன. அவன் பின்வாங்கவில்லை, ஓரடி மட்டும் நகர்ந்து நின்றான். நான்கு துண்டுகளும் இருபுறமும் பொன்னிறமாகிக் களம் நீங்கின. எஞ்சிய எண்ணெயில் நறுக்கிய பூண்டும் இடித்த மிளகாயும் வீழ்ந்தன. காரப்புகை கிளம்பித் திரையைக் கடந்து கூடத்தில் பரவ, எப்பக்கமும் சேராத கமாலுதீன் ஏழு முறை தும்மினார். சோயா சாஸ் ஊற்றப்பட்டது. அனைத்தும் ஒழுங்கு. இனித் தேன் ஒன்றே மீதி.

மேல்தட்டில் அது நின்றது! தேனீ படம் பொறித்த, அரபு எழுத்துகள் வளைந்தோடும், அவன் தன் கையாலேயே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்த அதே பாட்டில். மூடியைத் திருகினான். கரும்பழுப்பாய், கெட்டியாய், சோம்பலாய் வழிந்தது அது. தாராளமாக ஊற்றினான். கிளறினான். பிறகு முகர்ந்தான்.

தேனின் மணமன்று அது. கரண்டி நுனியால் தொட்டு நாவில் வைத்தான். நா சுருண்டது, ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

புளி! வாரந்தோறும் அஜீசுன்னிசா கரைத்துக் காய்ச்சிப் பதப்படுத்தி வைக்கும் கெட்டிப் புளி! எதன் துணை வேண்டாம் என்று வஞ்சினம் கூறினானோ அதுவே, அவன் அனுப்பிய தேனீயின் வேடம் பூண்டு, அவன் கையாலேயே அவன் சட்டியில் இறங்கியிருந்தது.

அயல்நாட்டுப் பெட்டி வந்து இறங்கும் வீடுகளின் மறையொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே தேன் தீரும், பாட்டில் தீராது. பால்பவுடர் ஒரு மாதத்தில் முடியும். டப்பாவோ தலைமுறைகளைக் காணும். அட்டையில் எழுதியிருப்பது உள்ளே இருக்காது. உள்ளே இருப்பது அந்த வீட்டுப் பெண்களுக்கு மட்டுமே தெரியும். அனுப்பியவனுக்கு அது தெரியாது. அவன் எந்நாளும் திரைக்கு இப்புறம் இருப்பவன்.

இனிப்பு வேண்டும், உடனே வேண்டும்! தட்டுகளில் அணிவகுத்து நின்ற டப்பாக்கள் அனைத்தும் அவன் ஆறாண்டு சம்பளத்தில் திரட்டி அனுப்பிய படை. இன்று அவனையே எதிர்த்து நின்றது. பால்பவுடர் டப்பாவைத் திறந்தான். 'டப்' என்றது.

"அது சேமியா," என்றது திரை.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். 'டணார்' என்றது.

"அது ஊசி நூலு."

காபி பாட்டிலைத் திருகினான். 'கிரீச்' என்றது.

"கருஞ்சீரகம். கொட்டிடாதீங்க, அது உங்க மாமாவோட மருந்து."

மூடியின் ஒலியிலேயே டப்பாவை அறிகிற அந்தப் பேராற்றலின்முன் நாயகன் உறைந்து நின்றான். சட்டியில் புளி கொதித்தது. திரைக்கு அப்பால் நாற்காலி முனகியது.

"தேன் பாட்டில தொறந்தீங்களா, மாப்பிள்ளை?"

"தொறந்தேன், மாமி."

"ஊத்திட்டீங்களா?"

"ஊத்திட்டேன்."

ஒரு கணம் நாடே மூச்சடக்கி நின்றது. வெற்றி அஜீசுன்னிசாவின் மடியில் தானாக வந்து விழுந்திருந்தது. அவர் வாய் திறவாமல் இருந்தாலே போதும். சட்டி கெடும், மகள் முகம் சுளிப்பாள், திரை என்றென்றைக்கும் திரையாகவே இருக்கும்.

"கீழ்த்தட்டுல சாக்லேட்டு டப்பா இருக்கு பாருங்க. அதுல அச்சு வெல்லம். ரெண்டு எடுத்துப் போடுங்க. அடுப்ப சிம்ல வைங்க, பாகு பொசுக்குன்னு அடி புடிச்சுக்கும்."

"மாமி..."

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல. எம்புள்ள பசியோட வருவா."

இரண்டு அச்சு வெல்லம் புளிக் கடலில் இரு கப்பல்களென மூழ்கின. குமிழிகள் முதலில் சினந்தன, பிறகு தணிந்தன, பிறகு கனத்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. புளிப்பும் இனிப்பும் காரமும், நெடும்பகை கொண்ட மூன்று அரசர்கள் ஒரே குடைக்கீழ் வந்ததுபோல் கூடி, மினுங்கும் செம்பாகாயின. நான்கு கேடயங்களும் அதில் இறங்கிப் புரண்டு, அந்திக் கடல்போல் பளபளத்து எழுந்தன. பத்து நிமிடம் என்று சொன்னது பதினெட்டு ஆகியிருந்தது. காவியங்களில் பகல் நீளுவதுண்டு.

வாசலில் ஸ்கூட்டி நின்றது. பஹீமா கை கழுவி வந்து, சோற்றையும் பருப்பையும் பிசைந்து, ஒரு துண்டை விண்டு வாயில் வைத்தாள். அந்த வீட்டில் மின்விசிறியும் சுழலத் தயங்கியது.

இன்னொரு விள்ளல் எடுத்தாள். பிறகு இன்னொன்று. தட்டில் முள் மட்டும் மிஞ்சியபோது விரலிலிருந்த பாகைச் சூப்பிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மச்சான், புளியே போட மாட்டேன்னு நேத்து அம்புட்டுப் பேச்சு பேசுனீங்க! புளிதானே இதுல தூக்கலா நிக்குது?"

நாயகன் நிலம் நோக்கினான். அஜீசுன்னிசாவின் கையில் அவனுடைய மானம் முழுவதும் இருந்தது. தேன் பாட்டில் என்ற ஒரு சொல்லில் அதைச் சந்தையில் வைத்துவிடலாம்.

"புளி இல்லாம மீனா?" என்றார் அவர். "அது மாப்பிள்ளைக்குத் தெரியாதா?" என்றபடி இரண்டாவது துண்டை மகள் தட்டில் வைத்தார். அதுவும் முள்ளாயிற்று.

வென்றவன் தான் வென்றதை அறியாதவனாய், மூன்று மாதப் பழக்கத்தால், உண்டு கை கழுவிச் சோபாவை அடைந்து மின்விசிறிக்கு அடியில் சாய்ந்தான். அப்போது எழுந்தது அந்த முழக்கம்.

"என்ன மாப்பிள்ளை, சட்டிய அப்படியே போட்டுட்டு வந்து குந்திட்டீங்க? பாகு காஞ்சா கல்லாட்டம் புடிச்சுக்கும். யாரு தேய்க்கிறது?"

கமாலுதீனின் கையிலிருந்து நாளிதழ் நழுவியது. "நான் அப்பவே சொன்னேன்," என்று முணுமுணுத்தார். ஆனால் முரசுகள் முழங்கியதையும், முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தொங்கிய பச்சைத் திரை ஒருபுறமாக ஒதுக்கி ஆணியில் மாட்டப்பட்டதையும், அந்த வழியே மடித்துக் கட்டிய லுங்கியோடு, விருந்தாளி என்ற பட்டத்தைச் சோபாவிலேயே விட்டுவிட்டு, எழுகடலும் வாழ்த்தொலி எழுப்ப எங்கள் நாயகன் நிமிர்ந்து நடந்ததையும் எந்தக் கவி பாடி முடிப்பான்?

ஆபித் போய்ச் சட்டியைக் கழுவினான்.