அண்ணன் சட்டையில் எலும்புத்தூள்

வாயைத் திறக்க முடியாதவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஊரே கூடி முடிவு செய்துவிடும். பல் கட்டப் போய்த்தான் இதை நான் தெரிந்துகொண்டேன்.

சிரித்தால் தெரிகிற இடத்தில் மேல்பல் ஒன்று விழுந்து வருஷக்கணக்காகிவிட்டது. பொன்னேரியில் பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தாடை எலும்பு கரைஞ்சிருக்கு. முதல்ல எலும்புத்தூள் வெச்சுத் தையல் போடணும். அது சேர்ந்து கெட்டியாக மாசக்கணக்காகும். அப்புறம்தான் திருகு, அதுக்கப்புறம்தான் பல்லு" என்றார். இந்த வயதில் அழகு கேட்கிறதா என்று கேலி செய்வார்களே என்று ஊரில் மூச்சுவிடவில்லை. வீட்டுக்காரரை மட்டும் கூட்டிக்கொண்டு போய்த் தையலோடு திரும்பினேன்.

துப்பக் கூடாது, உறிஞ்சக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும். ஆறின கஞ்சிதான் சாப்பாடு. (இறால் வறுபடுகிற வீட்டில் கஞ்சி குடித்துப் பாருங்கள், என் தவம் புரியும்.) வீங்கும், நீலம் பாயும், பயப்படாதீர்கள் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். இரண்டு நாள் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் கன்னம் பன் மாதிரி உப்பி, கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறம்.

அந்த முகத்தோடு குழாயடிக்குப் போனது என் புத்திசாலித்தனம். பக்கத்து வீட்டு தேசம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாடி இது மூஞ்சி?"

"பவ்வு" என்றேன். பல்லு என்பது அப்படித்தான் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டில் இருக்கிறது, வந்து பார் என்பதற்காக வாசலைக் கையால் காட்டினேன். வாசலில் என் வீட்டுக்காரர் செல்வம் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

தேசம்மா அவரைப் பார்த்தாள். என் கன்னத்தைப் பார்த்தாள். "அடப்பாவி" என்றாள்.

மதியத்துக்குள் சேதி போய், பக்கத்து ஊர் தோணிரேவிலிருந்து என் அண்ணன் ஏழுமலை வண்டியில் வந்து இறங்கிவிட்டார். பின்னால் பாதி ஊர். செல்வம் எனக்காகக் கஞ்சியை விசிறி ஆற வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்க, கஞ்சி தரையெல்லாம் ஓடியது.

"இன்னா மாப்ள, என் தங்கச்சி மேலயே கைய வெச்சியா?"

"மச்சான், நான் இல்ல மச்சான்..."

நடுவில் பாய்ந்தேன். நேரம் பார்த்து வந்ததுபோல அப்போதுதான் தும்மல் வந்தது. டாக்டரம்மா சொன்னபடி வாயை அகலத் திறந்து, அண்ணனின் வெள்ளைச் சட்டை மேல் தும்மினேன். எச்சில், கொஞ்சம் ரத்தம், நாலைந்து வெள்ளைத் துகள்.

"பல்லு தூள் தூளா கொட்டுதுடா!" என்று அலறினார் அண்ணன்.

செல்வம் பிடியை உதறிக்கொண்டு உள்ளே ஓடினார். "தப்பிக்கிறான், புடி!" என்றது கூட்டம். அவர் எக்ஸ்ரேயோடு திரும்பி வந்து அதைத் தலைகீழாக வெயிலில் பிடித்தார்.

"பாரு மச்சான்! எலும்பு இல்லனு எலும்பு வெச்சிருக்காங்க. மாட்டு எலும்புத் தூளாம்!"

கூட்டம் எக்ஸ்ரேயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும். அண்ணன் குந்தி உட்கார்ந்து, தரையில் கிடந்த கஞ்சியைத் துடைக்க ஆரம்பித்தார். செல்வம் போன் போட்டுக் கேட்டதற்கு டாக்டரம்மா, நாலைந்து துகள் வந்தால் பரவாயில்லை, பேசாமல் படுத்திருக்கச் சொல்லுங்கள் என்றார்.

எல்லோரும் போன பிறகும் தேசம்மா போகவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"உனுக்குனா அண்ணன் வண்டி எட்துனு வர்றாரு. எனுக்கு வீங்குனா கதவு இட்ச்சிச்சினு நானே சொல்லிட்றேன். அப்பால யாரு வருவா?"

வாய் நன்றாக இருந்திருந்தால் அப்போது எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். பேச முடியாததால் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் நிறையச் சொன்னாள்.

தையல் பிரித்த அன்று, பேச வாய் வந்ததும் முதலில் அவளிடம்தான் போனேன். "அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?" என்றேன். வெகுநேரம் யோசித்து, சரி என்று தலையை ஆட்டினாள். அண்ணன் வந்தார். இந்த முறை யார் சட்டையையும் பிடிக்கவில்லை. அவள் புருஷனை உட்கார வைத்து, தாழ்ந்த குரலில், ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் நான் அடிக்கடி அவள் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். அந்த வீட்டுக் கதவு இதுவரை யாரையும் இடிக்கவில்லை.

எலும்பும் நல்லபடியாகச் சேர்ந்து, திருகு ஏறி, பல்லும் வந்துவிட்டது. ஆனால் செல்வத்துக்குப் பயம் தெளியவில்லை. என் முகத்தில் சின்னதாக ஒரு தடிப்பு தெரிந்தாலும் போதும், தோணிரேவுக்கு அவரே போன் போட்டுவிடுவார்.

"மச்சான், கொசு. நான் இல்ல."