முற்றத்தில் பொங்கிய மலையடுப்பு

தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்வதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் பிள்ளைகளே, குறைவாகப் படித்தவனுக்குத்தான் அந்தச் சொல் வாயில் வர மறுக்கும். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குள் இறங்கியவன். ஆகவே எவர் எதைக் கேட்டாலும் "ஓம், ஓம், தெரியும்" என்று தலையாட்டுவது என் வழக்கமாகிவிட்டது. (இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. என் மனைவி வதனியைக் கேட்டால் "கொஞ்சமோ?" என்பாள்.) அந்தத் தலையாட்டல் என்னை மலைக்குப் போகவிடாமல் எங்கள் வீட்டு முற்றத்திலேயே நிறுத்திவைத்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சுன்னாகத்துக்கும் மருதனார்மடத்துக்கும் நடுவில் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியும், மற்றப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், ஆக உயரமான இடம் கிணற்றுக்கட்டு. அதில் ஏறி நின்று பார்த்தால் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கட்டு தெரியும். கல்யாணமாகி, ஒரு பெண்பிள்ளையும் பிறந்து, அவள் நடந்து திரியத் தொடங்கிய பின்பும் நான் ஒரு மலையை நேரில் கண்டதில்லை. கலண்டரில் கண்டதுதான்.

அப்படி இருக்கும்போது எங்கள் ஊர் வாசிகசாலைக்காரர் சிலர் மலைநாட்டுக்குப் போகத் திட்டம் போட்டார்கள். முதுகில் பையைச் சுமந்து, காட்டுப் பாதையில் நடந்து, கூடாரம் அடித்துப் படுத்து எழும்பி வருகிற பயணம். தலைவர் செல்வராசா மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவர், ஒருநாளும் குரலை உயர்த்தாதவர். வான் வண்டியில் ஐந்து பேருக்குத்தான் இடம். நான் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்து ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டேன். பிந்தி வந்த என் சித்தப்பாவின் மகன் குகனுக்கு இடம் கிடைக்கவில்லை. "ஆரும் நிண்டால் நான் வாறன்" என்று சொல்லிவிட்டு, ஆராவது போகாமல் நிற்க வேண்டும் என்று கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டு திரிந்தான்.

மாஸ்டர் ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். "காட்டுக்கை விறகு எரிக்க விடமாட்டாங்கள். பையுக்கை வைக்கிற மாதிரி ஒரு சின்ன அடுப்பு வேணும். ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன் மாஸ்டர்."

"தம்பி, உமக்கு உந்த அடுப்புகளைப் பற்றித் தெரியுமோ?"

"ஓம் மாஸ்டர், தெரியும்."

"காத்துக்கு அணையக் கூடாது. ஐஞ்சு பேருக்குச் சமைக்கிற சட்டியைத் தாங்க வேணும். தோளிலை சுமக்கிற சாமான், பாரமும் இருக்கக் கூடாது."

"ஓம் மாஸ்டர்."

"வாற ஞாயிற்றுக்கிழமை உங்கடை முற்றத்திலை எரிச்சுக் காட்டும். அடுப்பு சரிவராட்டில் நான் ஒருத்தரையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டன்."

அவர் சொன்ன மூன்றில் எனக்கு மனதில் நின்றது கடைசியில் சொன்ன பாரம் மட்டும்தான். வெங்காய மூட்டை சுமக்கிறவனுக்கு வேறு என்ன நிற்கும்?

யாழ்ப்பாண நகரத்துக் கடையில் இரண்டு அடுப்புகள் இருந்தன. ஒன்று பிஸ்கற் பெட்டி போலத் தட்டையானது. எரிவாயு அடைத்த காஸ் ரின்னை அதன் வயிற்றுக்குள்ளேயே படுக்க வைக்கலாம். மற்றது மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். விரித்தால் நண்டுக் கால் போல மூன்று கால் வரும். அதைக் காஸ் ரின்னின் தலையில் திருகிப் பூட்ட வேண்டும்.

"அண்ணை, எத்தினை பேருக்குச் சமைக்கப் போறியள்?" என்று கடைக்காரப் பெடியன் கேட்டான்.

இவனுக்கு ஏன் எங்கள் வீட்டு வம்பும் விடுப்பும் என்று நினைத்தேன். "அதை விடும் தம்பி. எது பாரம் குறைவு?"

அவன் கடையில் தராசு இல்லை. ஒன்றைத் திருப்பித் தருவதாகச் சொல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டு நேரே சுன்னாகம் சந்தைக்குப் போனேன். அங்கே வெங்காய மூட்டை நிறுக்கிற பெரிய மேடைத் தராசு இருக்கிறது. பெட்டி அடுப்பை வைத்தேன், முள்ளு கொஞ்சம் நடுங்கியது. நண்டுக்கால் அடுப்பை வைத்தேன், முள்ளு அசையவே இல்லை.

"பாத்தியளே! பாரமே இல்லை!" என்றேன்.

பக்கத்தில் நின்ற வெங்காய வியாபாரி என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "தம்பி, இது மூட்டை நிறுக்கிற தராசு. என்ரை செருப்பைக் கழட்டி வைச்சாலும் உந்த முள்ளு அசையாது."

"அப்ப அடுப்பும் செருப்புமாதிரி லேசு எண்டுதானே அர்த்தம்?"

அவர் என்னை விட்டுத் தன் மூட்டைகளை எண்ணப் போய்விட்டார். நான் பெட்டி அடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வென்றவனைப் போல வீட்டுக்கு வந்தேன்.

வதனி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதென்னப்பா, தோடு மாதிரிக் கிடக்கு. இதிலை என்னத்தைச் சமைக்கிறது?"

"உமக்கு உதெல்லாம் விளங்காது. ஞாயிற்றுக்கிழமை பாரும். புது அடுப்பு, முதலிலை பால் பொங்க வேணும்."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். புது வீடு என்றாலும் புது அடுப்பு என்றாலும் முதல் நெருப்பில் பால் பொங்கி வழிய வேண்டும். வழிந்தால்தான் அந்த அடுப்பில் குறைவில்லாமல் சமையல் நடக்கும் என்பது நம்பிக்கை. வதனி அதை மறுக்கவில்லை. "ஒரு சின்னப் பேணியிலை ஒரு மிடறு பாலை விட்டுப் பொங்க வையுங்கோ. சாமிக்கும் காணும், அடுப்பும் தாங்கும்" என்றாள்.

"மாஸ்டரும் ஆக்களும் வந்து நிக்க ஒரு மிடறு பாலோ? வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடுக்க வேண்டாமோ?"

தைப்பொங்கலுக்கு மட்டும் எடுக்கிற பித்தளைப் பானையைப் பரணிலிருந்து இறக்கினேன். கழுத்தில் மஞ்சள் இலையும் கட்டினேன். (பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். வதனி அப்போதே சிரித்துவிட்டாள்.)

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற காலம். பனை ஓலைகள் நாள் முழுக்கச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும். நான் முற்றம் கூட்டி, கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, நடுவில் ஒரு பலகையில் அடுப்பை வைத்தேன். காஸ் ரின், அதற்கு மேல் நண்டுக்கால், அதற்கு மேல் பால் நிறைந்த பானை. கோழிக்குஞ்சின் தலையில் தண்ணீர்க் குடத்தை ஏற்றியது போல இருந்தது. குகன் முதுகில் பயணப் பையைக் கொழுவிக்கொண்டே வந்திருந்தான்.

"தம்பி, உந்தப் பானை..." என்று மாஸ்டர் தொடங்கினார்.

"யோசியாதேங்கோ மாஸ்டர்."

நெருப்புப் பற்றியது. ஆனால் காற்று அந்தச் சுவாலையைப் பானைக்குக் கீழே நிற்க விடவில்லை. அது வடக்கு கிழக்கு என்று எல்லாப் பக்கமும் போய்வந்தது, பானையின் அடிக்கு மட்டும் போகவில்லை. நெடுநேரமாகியும் பால் குளிர்ந்துதான் இருந்தது. நான் ஓடிப்போய்க் கோழிக்கூட்டுத் தகரத்தை எடுத்து வந்து அடுப்பைச் சுற்றி நெருக்கமாக மறைத்தேன்.

மாஸ்டர் அன்றுதான் குரலை உயர்த்தினார். "எடும் உந்தத் தகரத்தை! ரின் கொதிக்கப் போகுது. வெடிச்சால் ஒருத்தரும் மலைக்குப் போகத் தேவையில்லை, நேரை மேலை போகலாம்!"

தகரத்தை எடுத்தேன். பிறகு வந்திருந்த ஆண்கள் எல்லாரும் காற்றுப் பக்கமாக நெருங்கி நின்று, உடுத்திருந்த சாறத்தை இரண்டு கையாலும் விரித்து மறைப்புக் கட்டினார்கள். ஒழுங்கையால் போன அயல்வீட்டு அக்கா சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன, உள்ளுக்கை ஆரும் மயங்கி விழுந்து போச்சினமோ?"

"இன்னும் இல்லையக்கா, கொஞ்சம் பொறுங்கோ" என்றான் குகன்.

கடைசியில் பால் நுரைத்து எழும்பியது. "பொங்குது, பொங்குது!" என்று எல்லாரும் கத்தினார்கள். நான் சூரியனைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று கல் வைத்த அடுப்பாக இருந்தால் வழிந்த பால் சுர் என்று ஆவியாகும், விறகும் தன்பாட்டில் எரியும். இது தோடளவு அடுப்பு. பால் முழுவதும் அதன் தலையில்தான் இறங்கியது.

"இஞ்சருங்கோ! நெருப்பு நிண்டிட்டுது, சத்தம் நிக்கேல்லை!" என்று வதனி கத்தினாள்.

காஸ் சீறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பாய்ந்து குனிந்து திருகாணியைத் திருகி மூடினார். அவர் கையை எடுத்ததுதான் தாமதம், நண்டின் ஒரு கால் வளைந்தது. பானை அவசரப்படாமல், மரியாதையோடு, கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் பாயில் சரிவதுபோலச் சரிந்தது. எல்லாரும் பின்னால் பாய்ந்து தப்பினோம். கோலம், பலகை, நிறைகுடம் எல்லாம் பால். அயல்வீட்டு நாய் எங்கிருந்தோ வந்து, சூடு ஆறும்வரை பொறுமையாகக் காத்திருந்தது.

அப்போது என் மகள் ஆரணி, சின்னப்பிள்ளை, கைதட்டினாள். "அப்பா, நல்லாப் பொங்கிட்டுது!"

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் பரவாயில்லை, அது இல்லை.

"தம்பி, நான் ஒண்டும் சொல்லேல்லை. நீரே சொல்லும். உந்த அடுப்பை நம்பி ஐஞ்சு பேர் மழைக்குளிருக்கை போகலாமோ?"

"ஓம்" என்று சொல்ல வாய் பாதி திறந்துவிட்டது. இன்னும் நாள் இருக்கிறது, மாற்றி வாங்கலாம் என்று சமாளித்திருக்கலாம். அந்த மலையை நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். தோட்டத்தில் தண்ணீரை மாற்றிவிடும்போதெல்லாம் வெங்காயப் பாத்தி வரம்புகளை மலைத்தொடராக நினைத்துப் பார்த்தவன் நான். ஆனால் கவிழ்ந்த பானையைப் பார்த்தபோது, இருட்டுகிற காட்டில் பசியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நாலு பேர் தெரிந்தார்கள்.

"ஏலாது மாஸ்டர்" என்றேன். "எத்தினை பேருக்கு எண்டு கடைக்காரப் பெடியன் கேட்டவன். நான் சொல்லேல்லை. எனக்கு அடுப்பைப் பற்றி ஒண்டும் தெரியாது. குகனைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

குகன் பையின் வாரைக் கழற்றினான். "அண்ணை, நான் பகிடிக்குத்தான் பையைக் கொண்டுவந்தனான்..."

"தெரியும். கொண்டு போ."

அவர்கள் நான் திருப்பிக் கொடுத்த பெட்டி அடுப்பையே வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த அன்று நான் ஓடிப்போய்க் குகனைப் பிடித்தேன்.

"மலை எப்பிடியடா?"

"எங்கையண்ணை! ஒரே மழை, ஒரே பனிப்புகார். முன்னாலை போறவன்ரை முதுகுதான் தெரிஞ்சது. ஆனால் வேளைக்கு வேளை சுடுசோறு!"

நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பாவம். படவில்லை என்று எழுதினால் பொய்.

என்னுடைய அடுப்பை வதனி எறியவில்லை. ஓட்டை ஓட்டையாக ஈர்க்குக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்து, வளைந்த காலையும் நிமிர்த்தி வைத்தாள். பிறகு ஒரு பள்ளி விடுமுறையில் நாங்கள் மூவரும் பஸ் ஏறி, ரயில் மாறி, மலைநாட்டுக்குப் போனோம். விடிகிற நேரம் ஒரு சரிவின் விளிம்பில் அந்த அடுப்பை வைத்து, சின்னப் பேணியில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் காணும். ஆரணி குடித்தாள், வதனி குடித்தாள். என் முறைக்குத் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தபோது பனிப்புகார் விலகி, எதிரே மலை நின்றது.

கலண்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருந்தது. அப்போது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளை மேகம் நுரை நுரையாக எழும்பி, உச்சியைத் தாண்டி, எங்கள் பக்கமாக வழியத் தொடங்கியது.

ஆரணி துள்ளிக் கத்தினாள். "அப்பா! பொங்கிட்டுது! அடுப்பை நிப்பாட்டுங்கோ!"

நான் ஒரு கணமும் யோசிக்காமல் குனிந்து அடுப்பை அணைத்தேன். வதனி சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே குந்திவிட்டாள். அன்று எனக்குத் தேநீர் இல்லை.

இப்போது ஆரணி என்னைவிட அதிகம் படித்துவிட்டாள். ஆனால் தோட்டத்து வெங்காயம் முற்றத்தில் காய்கிற நாளில் வானம் கறுத்தால், எங்கள் வீட்டில் ஒருவரும் "மழை வருகுது" என்று சொல்வதில்லை. முதலில் காண்கிறவர் "அடுப்பை நிப்பாட்டுங்கோ!" என்று கத்துவார். எல்லாரும் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து வெங்காயத்தை மூட ஓடுவார்கள். நான் மட்டும் இன்றைக்கும் முதலில் குசினி அடுப்புப் பக்கம்தான் ஓடுகிறேன்.