வல்லூறுக்கு நான் வச்ச ரோஸ் விருந்து

ஏ புள்ள முத்துமாரி, நீ பாட்டுக்குப் போயிட்ட. ஒன் அண்ணன் பண்ணுன கூத்த இனி நானே என் வாயால சொல்ல வேண்டியிருக்கு. நீ சொன்னா கூட ரெண்டு பொய்யும் சேத்துச் சொல்லுவ, அதுதான் கேக்க நல்லாருக்கும்.

பத்தாவது தாண்டாத எனக்கு அருப்புக்கோட்டை சாயப்பட்டறையில வேலை கெடைச்சா சேவல் தாரேன்னு என் தங்கச்சி முத்துமாரி கருப்பசாமிக்கு நேந்துக்கிட்டா. சாமியும் ஆளு யாருன்னு விசாரிக்காம வேலையக் குடுத்துட்டாரு. அந்தச் சேவலுக்காகக் கோழிய அடைக்கு வச்சா. பொரிச்ச குஞ்சு ஒண்ணொண்ணாக் காணாமப் போச்சு.

"பருந்துதான்"னு நான் தீர்ப்புச் சொன்னேன்.

"பருந்து இல்லண்ணே, வல்லூறு. புறாத் தண்டிதான் இருக்கும், கண்ணு செவசெவன்னு. கருவேல வேலிக்குள்ள சத்தமில்லாம ஒக்காந்திருக்கும். மேலருந்து வராது, தரையோட வரும். மைனா கத்துனா வருதுன்னு அர்த்தம்."

"புறாத் தண்டிக்கெல்லாம் நான் பயப்படணுமாக்கும்? போ புள்ள."

(நூல முக்கிப் பிழியிறவனுக்குத் தெரியாத பறவையா?)

சாயம் போட்ட குஞ்சப் பருந்து தூக்காதுன்னு எங்க பக்கம் ஒரு பேச்சு. நான் பட்டறைக்காரன், விடுவனா? மொதலாளிகிட்டக் கேட்டு ரோஸ் பொடி வாங்கியாந்து, அண்டாவுல கரைச்சு, குஞ்சுகள முக்கி எடுத்தேன். கரிசல் மண்ணுல ரோஸ் குஞ்சு! திருச்சுழி பஸ்ஸுல போறவுகளுக்கே தெரியும், வல்லூறுக்குத் தெரியாதா? எலை போட்டு "வாங்க, சாப்பிடுங்க"ன்னு கூப்பிட்ட மாதிரி ஆயிப்போச்சு.

நான் தகரத்தத் தட்டிக்கிட்டு வானத்தையே பாத்து நின்னேன். மைனா காட்டுக்கத்தல் கத்துச்சு.

"அண்ணே, மைனா!"

"சும்மா இரு. வானத்துல ஒண்ணுமில்ல."

வேலிக்குள்ளருந்து வந்துச்சு பாருங்க. முழங்கா ஒசரத்துல, என் ரெண்டு காலுக்கும் ஊடால! "யாத்தே"ன்னு துள்ளுனவன் மிச்சச் சாயம் கெடந்த அண்டாவுக்குள்ள போயி ஒக்காந்தேன். அதுக்கென்ன, நிதானமா ஒரு குஞ்சத் தூக்கிட்டுப் போயிருச்சு.

மறுநா மொதலாளி கேட்டாரு: "ஏலே, நூல முக்கத்தான சம்பளம் தாரேன்? நீ எதுக்குலே முங்குன?"

கோவத்துல, வல்லூறு வாகை மரத்துல கட்டியிருந்த கூட்டக் கலைக்கக் கம்பத் தூக்கிட்டுப் போனேன். முத்துமாரி கையப் புடிச்சுக்கிட்டா.

"அங்கயும் குஞ்சு இருக்குண்ணே. ஆம்பளை எரை கொண்டாரும், பொம்பளை வாங்கிப் பிச்சு ஊட்டும். பொண்டாட்டி புள்ளைக்குப் பாடுபடுற ஆம்பளைய அடிக்காத. பாத்துக் கத்துக்க."

மிச்ச ரோஸ் குஞ்சுகளும் அந்த வாரத்துலயே வாகை மரத்துக்குப் போயிருச்சு. என்னைய நம்பாம அவ கூடைக்கடியில கவுத்து வச்சிருந்த ஒரு குஞ்சு மட்டும் பொழைச்சு, இன்னைக்குச் சேவலா நிக்கிது. நேந்தவதான் இல்ல. போன மழைக்குக் காய்ச்சல் வந்துச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், அம்புட்டுத்தான்.

இப்பவும் எங்க தெருவுல மைனா கத்துனா எங்கம்மாவுலருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் ஒரே சத்தம்: "ஏலே, காலச் சேத்து நில்லுடா!" மொதமொத அப்படிக் கத்துனவ முத்துமாரிதான். நானும் சேத்துத்தான் நிக்கேன்.

வர்ற வெள்ளிக்கெழமை அவ சேவலக் கோயிலுக்குக் கொண்டு போறேன். சிரிச்சது போதும். எங்க முத்துமாரி போன எடத்துல நல்லாருக்கணும்னு எல்லாரும் ஒரு கும்புடு போட்டுக்கங்க.