முந்திரிகை அண்ணையின் ஊர்

ஹம்பேர்க்கில் இருந்துகொண்டே பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை முந்திரிகை அண்ணை அளவுக்குச் சுற்றியவர் இந்த உலகத்தில் இல்லை. சுற்றியதெல்லாம் வரைபடத்தில் என்பது மட்டுமே சிறு குறை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகச் சமையலறையில் நாங்கள் ஒன்பது வருடம் ஒன்றாக வேலை செய்தோம். நான் சாலட் வெட்டுவேன். அவர் கிழங்கு உரிப்பார். குளிர் அறைக் கதவில் பிரான்ஸ் வரைபடத்தை ஒட்டி, போகும் பாதையை வாரத்துக்கு ஒருமுறை மாற்றி வரைவார். யாழ்ப்பாணத்தில் திராட்சைக்கு முந்திரிகை என்று பெயர். அவருக்கும் அதுவே பெயராயிற்று.

இத்தனைக்கும் அண்ணை வைனை மோந்துகூடப் பார்த்ததில்லை. சமையல்காரர் குழம்பில் வைன் ஊற்றினால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"பிறகேன் அண்ணை அங்க?"

"ஒரு ஊரைத் தேடோணும், தங்கச்சி."

"ஊரின்ர பேர்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தேடுறன்?"

அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மலைச்சரிவு, தேவாலயம், கீழே ஒரு வாய்க்கால், ஒரு நொண்டி நாய்.

"நாய் இப்ப இருக்குமோ அண்ணை?"

"அதின்ர வம்சம் இருக்கும்."

சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்று முறையிட வந்த ஒரு பிரெஞ்சுக்காரரை அப்படியே கையைப் பிடித்து வரைபடத்தின் முன் நிறுத்திவிட்டார். அந்த மனிதர் சூப்பை மறந்து வெகுநேரம் யோசித்து, "இந்த அடையாளத்தோடு முந்நூறு ஊராவது இருக்கும்," என்றார்.

"பாத்தீரே, முந்நூறுதானாம்!" அண்ணைக்கு அன்றைக்கெல்லாம் ஒரே சந்தோசம்.

ஒருமுறை புறப்பட்டும் விட்டார். ஆனால் காரில் அவர் மனைவியும் மனைவியின் தங்கையும் ஏறியதால் கார் பாரிசுக்குத் திரும்பியது. தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் மூன்று நாளும் சேலை பார்த்தார்கள். அண்ணை மடியில் ஒரு பெட்டி கத்தரிக்காயுடன் ஹம்பேர்க் திரும்பினார்.

அந்தத் திங்கட்கிழமைதான் எனக்கு விஷயத்தைச் சொன்னார்.

"ஜெர்மனிக்கு வாற வழியில அந்த ஊரில முந்திரிகை புடுங்கினனான். கடைசி நாள் வேலை செய்த எல்லாருக்கும் வீட்டு முற்றத்தில விருந்து. முந்தின நாளே வீட்டுக்கார அம்மா தனக்குப் பக்கத்துக் கதிரையைக் காட்டி, 'நீ இதிலதான் இருக்கோணும்' எண்டவ. விருந்தண்டைக்குக் காலமை, என்னைக் களவாக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் வந்து 'காரில ஏறு' எண்டான். சொல்லிப்போட்டு வரக்கூட ஏலாமப் போச்சு."

ஒரு கிழங்கை எடுத்தார். பிறகு, "பாவம், பாத்துக்கொண்டு இருந்திருப்பா," என்றார். உரித்த கிழங்கையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தார்.

அவர் ஓய்வு பெற்றபின், போன செப்ரெம்பரில் நான் லீவு போட்டு என் காரில் கூட்டிப் போனேன். மூன்று நாள், பத்தொன்பது ஊர். எல்லா ஊரிலும் சரிவு இருந்தது, தேவாலயம் இருந்தது, நாய்களும் இருந்தன. ஒவ்வொன்றிலும் இறங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இதில்லை," என்று ஏறிக்கொள்வார்.

மூன்றாம் நாள் பின்னேரம், கிளட்ச் மிதித்து மிதித்து என் முழங்கால் வீங்கிவிட்டது. காரை விட்டு இறங்கும்போது தடவிக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார்.

அடுத்த நொடி, "தங்கச்சி, இதுதான் ஊர்!" என்றார்.

"வாய்க்கால் எங்க அண்ணை?"

"மூடிப்போட்டாங்கள் போல."

கொடிகளுக்கு நடுவே நின்று படம் எடுக்கச் சொன்னார். முகம் சிரித்தது. கண் மட்டும் எதிர்ச் சரிவில் தெரிந்த அடுத்த ஊரில் இருந்தது.

ஹம்பேர்க்குக்குத் திரும்பிய மறுநாள் அவர் மனைவி தொலைபேசினார். "பிள்ளை, உம்மட அண்ணை திரும்பவும் பிரான்ஸ் மப்பை விரிச்சுக்கொண்டு இருக்கிறார். நீர் கேட்டாச் சொல்லவேண்டாமாம்."

நான் கேட்கவில்லை. முழங்காலுக்கு மருந்து பூசிக்கொண்டே, அடுத்த செப்ரெம்பருக்கான லீவு விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினேன்.