மச்சானுக்கு ஒரு ஃபைபர்

இந்த உலகக் கோப்பைக் கால்பந்தை எவர் தடுத்தாலும் பார்த்தே தீருவது என்று முடிவெடுத்தேன். எவர் என்றால் வேறு எவர், என் மனைவி குளோரிதான். பந்து உருள்கிற எட்டரை மணிக்குத்தான் அவளுடைய சீரியலில் யாராவது விஷம் குடிப்பார்கள். எங்கள் வீட்டில் டிவி ரிமோட் என் கைக்கு வருவது பேட்டரி மாற்ற மட்டும்.

ஆகவே மாடி அறைக்கு ரகசியமாக இன்டர்நெட் இழுப்பது என்று திட்டம். ரகசியம் எதற்கு? குளோரியின் தங்கை ஜின்சி குவைத்தில் இருக்கிறாள். செல்போனில் கிடைக்கிற கொஞ்சம் டேட்டாவிலேயே இரண்டு பேரும் குழம்பை அடுப்பில் ஏற்றுவதிலிருந்து இறக்குவது வரை முகம் பார்த்துப் பேசுவார்கள். அளவில்லாத நெட் கிடைத்தால் குழம்பு கருகும். என் பந்தும் நடு மைதானத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும்.

தக்கலையிலிருந்து, நெட் இணைப்பு கொடுக்கிற ஷிபு வயர் சுருளோடு வந்து இறங்கினார். குளோரி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இது என்னதுக்கு?"

"ஃபைபர் எடுக்கப் போறேன்டி." வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

அவள் முகம் மலர்ந்தது. எங்கள் குளச்சல் கடற்கரையில் ஃபைபர் என்றால் ஒன்றுதான். ஃபைபர் வள்ளம், மீன் பிடிக்கிற படகு.

"எனக்க அண்ணனுக்கா?"

அவள் அண்ணன் மரியஜான், அதாவது என் மச்சான், ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டே தொழிலுக்குப் போகிறவர். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது.

"பின்ன? உனக்க அண்ணனுக்கில்லாம வேற ஆருக்கு?"

"நெட்டும் உண்டா?"

"உண்டு, உண்டு. நல்ல நெட்டு." அவள் கேட்டது வலையை.

"அவரு சுவத்துல ஒரு பொட்டி வைக்காரே?"

"அது மோடம்."

மழை மேகம் கூடினால் எங்கள் ஊரில் மோடம் என்போம். அவள் வானத்தைப் பார்த்தாள். "ஆமா, மோடமாத்தான் கெடக்கு. துணி எடுக்கணும்" என்று ஓடினாள்.

மச்சான் விஷயத்தைத் தவிர எல்லாம் உண்மை. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல ஒரு பொய்தான் தேறும். வள்ளத்துக்கு வீட்டுச் சுவரில் எதற்கு ஓட்டை என்று குளோரி கேட்கவே இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் எனக்கு ராஜ உபசாரம். மலிவான சாளை கேட்டால் விலை கூடிய நெய்மீன் வந்தது. மச்சான் வந்து கட்டிப்பிடித்து, குலுங்கிக் குலுங்கி நன்றி சொன்னார். மனசு கொஞ்சம் குத்தியது. நெய்மீன் வறுவல் அதை ஆற்றியது.

ஆட்டம் தொடங்கும் நாளும் வந்தது. ஒரு தட்டு மரச்சீனிக் கிழங்கு வறுவலோடு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பாஸ்வேர்டை அடித்தேன். தவறு என்றது. எழுத்துக் கூட்டி அடித்தேன். தவறு. பதற்றத்தில் குளோரி என்றுகூட அடித்துப் பார்த்தேன். அதுவும் தவறு!

கீழே ஓடினேன். டிவியில் சீரியல். குளோரி கையிலிருந்த போனில் ஜின்சி, சுற்றாமல் நிற்காமல், கண்ணாடி போலத் தெளிவாக.

"ஏட்டி... உனக்கு எப்படி நெட்டு?"

"ஜின்சி வீட்டுலயும் இதே பொட்டி உண்டு. எனக்குத் தெரியாதாக்கும்? காலையில ஷிபுவைக் கூப்பிட்டுப் பாஸ்வேர்டை மாத்தியாச்சு."

"சொல்லித் தொலை, பந்து உருண்டாச்சு!"

"எனக்குத் தெரியாதே. ஃபைபர் அண்ணனுக்குன்னு நீங்கதானே சொன்னிய? அதனால அண்ணனே வந்து அவரு இஷ்டத்துக்கு ஒண்ணு வச்சாவ. எனக்க போன்லயும் அவரேதான் அடிச்சுத் தந்தாவ."

"மச்சான் இப்ப எங்க?"

பதில் குவைத்திலிருந்து வந்தது, என் சொந்த நெட்டில்.

"அண்ணன் கடலுக்குப் போயாச்சே, அத்தான். அங்க ரேஞ்சு கெடையாது, விடிஞ்ச பெறவுதான் கரையேறுவாவ."