வாழையிலையில் பசிபிக் பெருங்கடல்

தன் பிரிவுக்குத் தொடர்பில்லாத பொருளில் ஒரு மனு வந்தால், அதை உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய கடிதத்தின் நகலை மனுதாரருக்குத் தர வேண்டும். சொந்தக் கருத்தைச் சேர்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும் நடைமுறை இது. பணிக்காலம் முழுவதும் நான் இதை மீறியதில்லை. (மீற வேண்டிய இடத்தில்கூட மீறியதில்லை என்பாள் என் மனைவி சரோஜா. அது தனிக் கோப்பு.) ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் மீறினேன். அதுவும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு.

நான் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பல வருடம் மழைமானிக் கணக்கு என் மேசையில் இருந்தது. வட்டங்களிலிருந்து அளவை வாங்குவேன், கூட்டுவேன், மேலே அனுப்புவேன். அந்த மழை எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு அந்தக் குறையைப் போக்க நூலகத்திலிருந்து பருவநிலை பற்றி இரண்டு புத்தகங்கள் எடுத்தேன். ஒன்றை முழுதாகப் படித்தேன். இன்னொன்றைப் பாதியில் வைத்துவிட்டேன். இந்த ஒன்றரைப் புத்தக அறிவோடு, ஆவணி மாதம், குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போனேன்.

பந்தியில் எனக்கு வலப்பக்கம் முருகேசன். சரோஜாவின் தம்பி. அவனுக்கு அங்கே இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். புரட்டாசியில் சோளம் விதைப்பான். தையில் கதிர் வீட்டுக்கு, தட்டை மாட்டுக்கு. கோடை முடியும் வரை அவனுடைய இரண்டு பசுக்களும் அந்தத் தட்டையை நம்பித்தான் நின்றன. அந்த வருடம் ஆடியிலும் மழை இல்லை, ஆவணியிலும் இல்லை. உழுது போட்ட நிலம் அப்படியே கிடந்தது.

"மச்சான், நீங்கதான் மழைக் கணக்குப் பாத்த ஆளாச்சே. இந்த வருசம் வெதைக்கலாமா, வேணாமா?"

இதுதான் மனு. உரிய அலுவலகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான் ரசம் கொண்டு வந்தவரைக் கூப்பிட்டேன்.

"இலைல நல்லா ஊத்துங்க."

"சோறு வாங்கலையேய்யா?"

"சோறு வேணாம். ஊத்துங்க."

சோறில்லாத இலையில் ரசம் தேங்கி நின்றது. "மாப்ள, இது பசிபிக் பெருங்கடல். இடது பக்கம் அப்பளம் இருக்கு பாரு, அது ஆஸ்திரேலியா. வலது பக்கம் வடை, தென் அமெரிக்கா."

"வடைய நான் எடுத்துக்கிறவா மச்சான்? எனக்கு ஒண்ணுதான் வச்சாங்க."

"தென் அமெரிக்காவத் தொடாத."

பிறகு விளக்கினேன். உலகத்தின் காற்றுக்கும் கடலுக்கும் ஒரே வேலைதான். நடுக்கோட்டில் தேங்கும் சூட்டைத் துருவங்கள் வரை பட்டுவாடா செய்வது. பசிபிக்கில் காற்று வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்கே வீசி, சூடான மேல்நீரை ஆஸ்திரேலியா பக்கம் ஒதுக்கி வைக்கும். (ரசத்தைக் கையால் அப்பளத்தின் பக்கம் ஒதுக்கினேன். ஆஸ்திரேலியா ஊறத் தொடங்கியது.) சில ஆண்டுகளில் அந்தக் காற்று சோர்ந்துவிடும். ஒதுங்கிய சூடான நீர் திரும்பக் கிழக்கே பரவும். அதற்கு எல் நினோ என்று பெயர். நீர் போன பக்கம் மழையும் போய்விடும். இந்த வருடம் எல் நினோ வருடம் என்று செய்தியிலும் சொல்லிவிட்டார்கள்.

"இப்ப காத்து நின்னு போச்சுன்னு வச்சுக்க" என்று சொல்லிக் கையை எடுத்தேன்.

பசிபிக் பெருங்கடல் தென் அமெரிக்காவைத் தாண்டி, மேசை விரிப்பின் மடிப்பு வழியாக இறங்கி, முருகேசனின் பட்டுக்கரை வேட்டியில் கலந்தது.

வேட்டியைப் பிழிந்துகொண்டே அவன், "புரியுது மச்சான்" என்றான். அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பாண்டியம்மாவுக்குத்தான் புரியவில்லை.

"ஏண்ணே, வெயிலு முன்ன மாதிரி இல்லையே. அம்புட்டுச் சூடு. அதுவும் இந்த ரசத்தாலதானா?"

அதற்கும் பதில் வைத்திருந்தேன். பூமி சுற்றும் பாதையும் அதன் சாய்வும் மெல்ல மெல்ல மாறும், அதனால் பனியுகம் வரும், போகும், அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கும். இப்போது ஏறும் சூடு அந்தக் கணக்கில் வராது. நாம் கரியும் எண்ணெயும் எரித்துவிட்ட வாயு, சூட்டை வெளியே விடாமல் போர்வை மாதிரி பிடித்து வைக்கிறது. இதையெல்லாம் சரியாகவே சொன்னேன். என் ஞானம் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிழையில்லாமல் வேலை செய்தது. அடுத்த இரண்டு மாதத்துக்குத்தான் செய்யவில்லை.

"சரிண்ணே, நமக்கு ஐப்பசி மழைதான மழை? அது கெழக்க, நம்ம கடல்லேருந்துல்ல வருது? அப்பளம் பக்கம் எப்படிப் போனா நமக்கென்ன?"

என் வாழ்நாளில் என் முன்னால் வைக்கப்பட்ட மிகச் சிறந்த ஆட்சேபணை அதுதான். நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.) "எல்லாக் கடலும் ஒண்ணுதாம்மா" என்றேன்.

"நீ சும்மா இரு. ஆபீஸ்ல இருந்த மனுசன் சொல்றாருல்ல" என்று முருகேசன் அவளை அடக்கினான். "அப்ப வெதைக்க வேணாங்கிறீங்க?"

"வேணாம் மாப்ள. வெதைய மண்ணுல போட்டு வீணாக்காத."

அவன் விதைக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. முதல் வாரம் தூறல். நான் ஜன்னலைச் சாத்தினேன். இரண்டாம் வாரம் பாண்டியம்மா போன் செய்தாள்.

"அண்ணே, இங்க மழை."

"எம்புட்டு?"

"கொளம் நெறஞ்சு மறுகால் போகுது. ஊருல எல்லாரு சோளமும் மொழங்காலு ஒசரம் நிக்கிது. எங்க காடு மட்டும் சும்மா கெடக்குண்ணே."

தெருவில் தண்ணீர் ஏறி எங்கள் வாசற்படியைத் தொட்டபோது சரோஜா வந்து நின்று பார்த்தாள். "ஏங்க, உங்க பசிபிக் வந்துருக்கு. உள்ள கூப்பிடவா?"

அன்றைக்குத்தான் பாதியில் வைத்த புத்தகத்தைத் திறந்தேன். எல் நினோ ஆண்டில் நாட்டின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்பு அதிகம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் காற்று திசை மாறி வங்கக் கடலின் ஈரத்தோடு தமிழ்நாட்டுக்கு வரும்போது, அதே எல் நினோ அந்த மழையைப் பெரும்பாலும் கூட்டும். நான் நிறுத்தியிருந்த இடத்துக்கு நான்கு பக்கம் தள்ளி இது இருந்தது.

விதைக்காத நிலத்தில் புல் முளைத்தது. தை வரை மாடுகள் அதை மேய்ந்தன. ஊரெல்லாம் தட்டைப் போர் எழும்பியபோது முருகேசன் களத்தில் ஒன்றும் இல்லை. மாசியில் நான் ஒரு வண்டி வைக்கோல் அனுப்பினேன். அதை இறக்கிக்கொண்டான். பங்குனியில் செவலைப் பசுவை விற்றுவிட்டான். அதன் பிறகு நான் போன் செய்தால், "அக்காட்டக் குடுங்க" என்பதோடு பேச்சு முடிந்தது.

பேசாதவனுக்கு எழுதத்தானே வேண்டும்? நான்கு பக்கம் எழுதினேன். பொருள்: சோளம் விதைக்காமல் விடப்பட்டது தொடர்பாக. பார்வை: பந்தியில் நடைபெற்ற உரையாடல். இரண்டு பருவமழைகளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி, தவறு முழுவதும் என்னுடையதே என்றும், பாண்டியம்மா எழுப்பிய ஆட்சேபணை சரியானதே என்றும் பதிவு செய்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை பாண்டியம்மாவின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி போயின. இதற்கிடையில் குடும்ப விசேஷங்களில் எனக்கு ரசம் டம்ளரில் மட்டும் தருவது வழக்கமாகிவிட்டது. யார் உத்தரவிட்டார்கள் என்று தெரியவில்லை. இன்று வரை ரத்தாகவில்லை.

பதில் கடிதமாக வரவில்லை. போனில், குரல் பதிவாக வந்தது. பின்னணியில் டிராக்டர் ஓடும் சத்தம்.

"மச்சான், முருகேசன். லெட்டரப் பாண்டியம்மா ரெண்டு தடவை படிச்சுக் காட்டுனா. அவ சொன்னது சரின்னு எழுதிருக்கீங்கள்ல, அந்தப் பக்கத்தக் கண்ணாடி போட்டு செவுத்துல மாட்டிருக்கா. சோளம் வெதைச்சுட்டு இருக்கோம். இந்த வருசம் மழை எப்படின்னு செத்த சொல்லுங்க. நீங்க மழை இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியா கன்னுக்குட்டி ஒண்ணு பிடிச்சுருவேன்."

கேட்டுவிட்டு சரோஜா சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். மனு வந்தால் முதலில் தேதியைக் குறிக்கும் பழைய பழக்கத்தில், நான் போனை வாங்கித் தேதியைப் பார்த்தேன். புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை.